சைபர் டிகிரி இறால்

உறைய வெச்ச இறாலைக் கப்பல்ல அனுப்பணும்னா கண்டெய்னருக்குள்ள எவ்வளவு குளிர் வெக்கணும்?

மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். இல்லன்னா அதுக்கும் கீழ. தூத்துக்குடியில எந்த எக்ஸ்போர்ட் ஆபீஸ்லயும் நேத்து வேலைக்குச் சேந்த பையனைக் கேட்டாக்கூட யோசிக்காம சொல்லிருவான்.

போன வாரம் என் கைக்கு வந்த ஒரு புரோகிராம், அதைச் சைபர்னு அச்சடிச்சு வெச்சிருந்துச்சு.

சைபர்!

சைபர் டிகிரியில இறால் இளகிரும். ஃபீடர் கப்பல் கொழும்பு போயி, அங்க பெரிய கப்பலுக்கு மாறி, எங்கேயோ கரை சேரும்போது ஒரு பெட்டிச் சரக்கும் குப்பைக்குத்தான் போகும். எத்தனை பேரோட உழைப்பு அது!

அந்தக் கோபத்துலதான் எழுத உக்காந்தேன். ஆனா அதைச் சரிபண்ண விதம் ரொம்ப அழகா அமைஞ்சுபோச்சு, அதனால இது சந்தோஷப் பதிவாவும் ஆயிருச்சு. (ஜாவா தெரியாதவங்க படிக்கலாம். கண்டெய்னர் தெரியாதவங்களும் படிக்கலாம். ரெண்டையும் சொல்லிக்கிட்டே போறேன்.)

நான் இருக்கிறது எட்டயபுரம். வேலை வீட்டுல இருந்தே. வெளியூர்க்காரங்களுக்கு எங்க ஊருன்னா பாரதி பிறந்த வீடும், 1947-ல திறந்த மணிமண்டபமும், சனிக்கிழமை ஆட்டுச் சந்தையும் ஞாபகம் வரும். எனக்கு அதோட இன்னொண்ணும் உண்டு: மதுரை - தூத்துக்குடி நாலுவழிச் சாலை. ராத்திரி பகல்னு பாக்காம ட்ரெய்லர் லாரிங்க துறைமுகத்தைப் பாத்து ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டு பக்கமும் கரிசக் காடு, நடுவுல பச்சை, நீலம், ஆரஞ்சுன்னு கலர் கலரா பெட்டி. (பேப்பர்ல சரக்குப் பெட்டகம்னு போடுவாங்க. ஆபீஸ்ல எல்லாரும் சொல்றது பெட்டி, இல்ல கண்டெய்னர்.)

தூத்துக்குடியில எனக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருத்தர் கிளியரிங் அண்டு ஃபார்வர்டிங் ஆபீஸ் நடத்துறார். சின்ன ஆபீஸ்தான். யாரோ எப்பவோ எழுதிக் குடுத்த ஜாவா புரோகிராம் ஒண்ணு அங்க ஓடுது. அது பண்ண வேலைதான் இந்தச் சைபர்.

கண்டுபிடிச்சது அங்க டாக்குமென்டேஷன் பாக்குற அக்கா. அவங்க சொன்னதைக் கேளுங்க.

“தம்பி, இது அமெரிக்கா பார்ட்டியோட சரக்கு. அதனால ஃபாரன்ஹீட்ல போட்டிருப்பாங்கன்னு நினைச்சு முதல்ல விட்டுட்டேன். அப்புறம் பாத்தா ஜப்பான் சரக்குக்கும் சைபர்னு வருது. ஜப்பான்காரன் எதுக்கு ஃபாரன்ஹீட் கேக்கப்போறான்?”

என்ன ஒரு கூர்மை பாருங்க! சைபர் டிகிரி ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸ்க்கு மாத்தினா மைனஸ் 17.8 வரும். அதாவது இறாலுக்குச் சரியான குளிர். அமெரிக்காக்காரங்க நிஜமாவே உறைஞ்ச சரக்குக்கு ‘சைபர்’னுதான் கேப்பாங்க. ஒரே எண். ஒரு அளவுல சரக்கைக் காப்பாத்தும், இன்னொரு அளவுல கெடுத்துரும். பெட்டியில சரக்கு ஏத்துறதுக்கு முன்னாடியே அக்கா கண்ணுல பட்டதால தப்பிச்சோம்.

சரி, சைபர் எங்கேருந்து வந்துச்சு?

யாரும் சைபர்னு டைப் பண்ணல. அதுதான் விஷயமே. அந்தப் புரோகிராம்ல கண்டெய்னருக்கு ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்டை வார்க்கிற அச்சு மாதிரி) இருக்கு. அதோட கன்ஸ்ட்ரக்டருக்குள்ள (ஆப்ஜெக்டை உருவாக்குற பகுதி) ஒண்ணுமே கிடையாது. முதல்ல வெறும் பெட்டி ஒண்ணை உருவாக்கும். அப்புறம் செட்நம்பர், செட்வெயிட், செட்டெம்பரேச்சர்னு வரிசையா செட்டர் மெத்தடைக் கூப்பிட்டு நிரப்பணும். ஜாவாவுல ஒரு இன்ட் (முழு எண்) ஃபீல்டுக்கு நீங்க ஒண்ணும் குடுக்கலேன்னா, சைபர் தானா வந்து உக்காந்துக்கும். பிற்பாடு யாரோ புதுசா ஒரு ஸ்கிரீன் சேத்திருக்காங்க. அதுல செட்டெம்பரேச்சரைக் கூப்பிடற வரி இல்ல. அவ்வளவுதான். கம்பைலர் ஒண்ணும் சொல்லல, எரர் எதுவும் வரல, பிரிண்டர் பாட்டுக்கு அடிச்சுத் தள்ளிருச்சு.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. சைபர்ங்கிறது பொய்யான எண்ணும் கிடையாது. ஆப்பிள், திராட்சைக்கெல்லாம் சைபரை ஒட்டித்தான் வெப்பாங்க. அதனால ‘சைபரா இருந்தா எரர் காட்டு’ன்னும் எழுத முடியாது. ‘யாரும் இன்னும் சொல்லல’, ‘சைபர்னு சொல்லிட்டாங்க’ இந்த ரெண்டும் அந்த ஆப்ஜெக்டுக்குள்ள ஒரே மாதிரி இருக்கு. நீங்க எங்க நின்னு பாத்தாலும் பிரிச்சுச் சொல்ல வழியில்ல.

இந்த இடத்துலதான் கிரியேஷனல் டிசைன் பேட்டர்ன் வருது. ஆப்ஜெக்டை எப்படிப் பிறக்க வெக்கணும்ங்கிறதைப் பத்தின பேட்டர்ன்கள்.

இதுக்கெல்லாம் மூலப் புத்தகம் 1994-ல வந்த டிசைன் பேட்டர்ன்ஸ். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ்னு நாலு பேர் சேந்து எழுதினது. அதனால ‘கேங் ஆஃப் ஃபோர்’ புத்தகம்னே பேராயிருச்சு. மொத்தம் 23 பேட்டர்ன். அதுல அஞ்சு பிறப்பைப் பத்தினது: ஃபேக்டரி மெத்தட், அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி, பில்டர், புரோட்டோடைப், சிங்கிள்டன். அந்தப் புத்தகம் வரும்போது ஜாவா வெளியவே வரல. உதாரணம் எல்லாம் சி பிளஸ் பிளஸ்லயும் ஸ்மால்டாக்லயும் இருக்கும்.

நம்ம காலேஜ் பிள்ளைங்க இதை எப்படிப் படிக்கிறாங்க தெரியுமா? என் கூடப்பிறந்த அக்கா மகன் கடைசி வருஷம். இன்டர்வியூக்குத் தயாராகிட்டு இருக்கான். நோட்டை வாங்கிப் பாத்தேன். ஷேப்னு ஒரு இன்டர்ஃபேஸ் (என்னென்ன மெத்தட் இருக்கணும்னு சொல்ற ஒப்பந்தம்). அதுக்குக் கீழ சர்க்கிள், ஸ்கொயர், ரெக்டாங்கிள். ஷேப் ஃபேக்டரிகிட்ட ‘சர்க்கிள்’னு சொன்னா சர்க்கிள் குடுக்கும், ‘ஸ்கொயர்’னு சொன்னா ஸ்கொயர் குடுக்கும்.

“மாமா, இதுக்கு எதுக்கு ஃபேக்டரி? நேரா நியூ சர்க்கிள்னு எழுதிட்டா என்ன?”ன்னு கேட்டான்.

கேட்டான் பாருங்க கேள்வி! அவன் கேட்டது நூத்துக்கு நூறு சரி. அந்த உதாரணத்துல ஃபேக்டரிக்கு வேலையே இல்ல. சர்க்கிள் தப்பாப் பிறக்க முடியாது, அதைச் சோதிக்கவும் ஒண்ணும் இல்ல. எந்த சர்க்கிளும் கடல் தாண்டிப் போயி அழுகிப் போறதில்ல. வலிக்காத இடத்துல மருந்து போட்டுக் காட்டினா பிள்ளைங்களுக்கு எப்படிப் புரியும்? மனப்பாடம் பண்ணி இன்டர்வியூல ஒப்பிச்சிட்டு மறந்துருவாங்க.

“வா மாப்ள”ன்னு கூட்டிக்கிட்டுப் போயி, மெயின் ரோட்டு டீக்கடை பெஞ்சுல உக்காத்தி வெச்சேன்.

டீ குடிக்க நிக்கிற ட்ரெய்லரோட பின் கதவைப் பாருங்க. மேல வலது பக்கம் நாலு எழுத்து, ஆறு எண், கடைசியா ஒரு எண் மட்டும் சின்னக் கட்டத்துக்குள்ள. இது ஐஎஸ்ஓ 6346-ங்கிற தரம். முதல் மூணு எழுத்து பெட்டியோட சொந்தக்காரர். நாலாவது எழுத்து பெரும்பாலும் ‘யூ’, சரக்குப் பெட்டின்னு அர்த்தம். அடுத்த ஆறு எண் வரிசை எண். கட்டத்துக்குள்ள இருக்கிறது செக் டிஜிட், முன்னாடி உள்ள பத்தையும் வெச்சுக் கணக்குப் போட்டு வர்ற எண்.

கணக்கு எப்படின்னா: ‘ஏ’வுக்கு 10, ‘பி’க்கு 12, ‘சி’க்கு 13ன்னு எழுத்துக்கெல்லாம் மதிப்பு உண்டு. 11, 22, 33 மூணையும் தாண்டிருவாங்க (கடைசியில 11-ஆல வகுக்கப் போறோம், அதான்). இடப்பக்கத்துல இருந்து முதல் இடத்தை 1-ஆல பெருக்கணும், அடுத்ததை 2-ஆல, அப்புறம் 4, 8, 16ன்னு ரெட்டிச்சுக்கிட்டே 512 வரைக்கும். எல்லாத்தையும் கூட்டி 11-ஆல வகுத்தா வர்ற மீதிதான் செக் டிஜிட். மீதி 10 வந்தா சைபர்னு போடுவாங்க.

பையன் நோட்டுலயே போட்டுப் பாத்தோம். சி, எஸ், கியூ, யூ, 305438. இந்தக் கணக்கை விளக்க எல்லாரும் எடுக்கிற உதாரணம் இது. எழுத்து நாலுக்கும் 13, 60, 112, 256. எண் ஆறுக்கும் 48, 0, 320, 512, 768, 4096. கூட்டினா 6185. 11-ஆல வகுத்தா மீதி 3. ஆக, முழு எண் சி, எஸ், கியூ, யூ, 305438, கட்டத்துக்குள்ள 3.

பக்கத்து எண் ரெண்டை யாராவது மாத்தி டைப் பண்ணினா? மீதி மாறிரும், பிடிச்சிரலாம். ஒரு எண் தப்பா விழுந்தாலும் அப்படித்தான். (மீதி 10-ம் சைபரும் ஒண்ணாப் போற இடத்துல மட்டும் நழுவும். அதனாலதான் மீதி 10 வர்ற வரிசை எண்ணையே பெட்டிக்குப் போடாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்காங்க.)

அவன் முகத்துல வெளிச்சம் வந்துச்சு. “அப்போ தப்பான எண்ணுல பெட்டி ஆப்ஜெக்ட் பிறக்கவே கூடாது, இல்லியா மாமா?”

அதேதான்! பிறக்கவே கூடாது. பிறந்த பிறகு சரிபாக்கிறது வேற, பிறக்கும்போதே வாசல்ல நிறுத்திக் கேக்கிறது வேற. முதல் வழியில போனா புரோகிராம் பூராவும் ‘இது சரியான பெட்டிதானா?’ன்னு சந்தேகத்தோடவே அலையணும். ரெண்டாவது வழியில, கையில ஒரு பெட்டி இருக்குன்னாலே அது சரியான பெட்டி.

வீட்டுக்கு வந்து எழுத ஆரம்பிச்சோம். முதல்ல பெட்டிஎண்ங்கிற கிளாஸ். (ஜாவாவுல கிளாஸ் பேரைத் தமிழ் எழுத்துலயே வெக்கலாம், யூனிகோடை ஏத்துக்கும். கீவேர்டை எல்லாம் விட்டுட்டு எலும்புக்கூட்டை மட்டும் இங்க போடறேன்.) கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட் ஆக்கியாச்சு. வெளியாள் யாரும் நியூ போட முடியாது. உள்ள வர்ற ஒரே வழி ஒரு ஸ்டாடிக் மெத்தட் (ஆப்ஜெக்ட் இல்லாமலே கூப்பிடலாம்):

பெட்டிஎண்.படி(எழுத்துவரிசை)

இது நீளம் பாக்கும், எழுத்து பாக்கும், மேல சொன்ன கணக்கைப் போடும். எல்லாம் சரியா இருந்தா ஆப்ஜெக்டைக் குடுக்கும். இல்லன்னா ‘செக் டிஜிட் 3 வரணும், 8 இருக்கு’ன்னு காரணத்தோட திருப்பி அனுப்பும்.

கன்ஸ்ட்ரக்டருக்குள்ளயே சோதிச்சா ஆகாதான்னு கேப்பீங்க. ஆகும். ஆனா கன்ஸ்ட்ரக்டருக்குப் பேர் வெக்க முடியாது. அது ஒவ்வொரு தடவையும் புது ஆப்ஜெக்டைத்தான் குடுக்கும், இல்ல எக்ஸப்ஷனைத் தூக்கி எறியும். ஸ்டாடிக் ஃபேக்டரிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஜாவாவுலயே இன்டீஜர்.வேல்யூஆஃப்னு ஒண்ணு இருக்கு. மைனஸ் 128-ல இருந்து 127 வரைக்கும் கேட்டா புதுசா உருவாக்காம ஏற்கெனவே செஞ்சு வெச்சதையே எடுத்துக் குடுக்கும். கூப்பிடறவங்களுக்கு அது தெரியவே வேண்டாம்.

பேரோட அருமை எடை விஷயத்துல தெரிஞ்சுது. 2016 ஜூலை 1-ல இருந்து, கப்பல்ல ஏத்துற ஒவ்வொரு பெட்டிக்கும் சரிபாத்த மொத்த எடையைச் சொல்லியே ஆகணும். சோலாஸ்ங்கிற கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்துல உள்ள விதி. ஆபீஸ்ல விஜிஎம்னு சொல்லுவாங்க. ரெண்டு வழியில குடுக்கலாம். சரக்கு ஏத்தின பெட்டியை அப்படியே எடைமேடையில நிறுத்துப் பாக்கிறது ஒண்ணு. சரக்கையும் அட்டை, பலகை எல்லாத்தையும் தனியா நிறுத்து, அதோட காலிப்பெட்டி எடையைக் கூட்டுறது இன்னொண்ணு. பழைய புரோகிராம்ல ரெண்டுக்கும் ஒரே செட்டர்! எந்த வழியில வந்த எடைன்னு எங்கேயும் பதிவு இல்ல. இப்ப:

எடை.மேடையில்(27400)
எடை.கூட்டி(சரக்கு, காலிப்பெட்டி)

படிக்கும்போதே விஷயம் தெரிஞ்சுபோச்சா? ரெண்டாவது மெத்தட்ல சரக்கு எடைக்கு ஒரு கிளாஸ், காலிப்பெட்டி எடைக்கு ஒரு கிளாஸ். இடம் மாத்திக் குடுத்தா கம்பைலரே விடாது. ரெண்டையும் வெறும் இன்டா வெச்சிருந்தா எதை முன்னாடி போட்டாலும் வாங்கிக்கும்.

அதே மாதிரிதான் வெப்பமும்:

வெப்பம்.செல்சியஸ்(-18)
வெப்பம்.ஃபாரன்ஹீட்(0)

வெறும் எண்ணுக்கு உள்ள நுழைய வழியே இல்ல. அக்காவுக்கு வந்த சந்தேகத்தை இனிமே கோடே கேக்கும்: எந்த அளவு?

அடுத்தது ஃபேக்டரி. பெட்டி எண்ணுக்குக் கீழ நாலே எழுத்துல இன்னொரு குறியீடு இருக்கும். 22ஜி1, 45ஆர்1 மாதிரி. முதல் எழுத்து நீளம்: 2-ன்னா 20 அடி, 4-ன்னா 40 அடி. ரெண்டாவது உயரம்: 2-ன்னா எட்டரை அடி, 5-ன்னா ஒன்பதரை அடி. மூணாவது எழுத்துலதான் பெட்டியோட குணமே இருக்கு. ஜி-ன்னா சாதாரணப் பெட்டி. ஆர்-னா குளிர்பெட்டி, ரீஃபர். டி-ன்னா டேங்க். யூ-ன்னா மேல் திறந்த பெட்டி.

பழைய கோடுல இது எல்லாத்துக்கும் ஒரே கிளாஸ். பனியன் போற பெட்டிக்கும் வெப்பநிலை ஃபீல்டு உண்டு, அதுலயும் சைபர். அதனாலதான் எங்க பாத்தாலும் சைபரைப் பாத்துப் பாத்து எல்லாருக்கும் பழகிப்போச்சு!

இப்போ உலர்பெட்டி, குளிர்பெட்டி, டேங்க்பெட்டி, திறந்தபெட்டின்னு தனித்தனி கிளாஸ். உலர்பெட்டிக்குள்ள வெப்பம்ங்கிற ஃபீல்டே கிடையாது. ஃபேக்டரி மூணாவது எழுத்தைப் பாத்து எந்தப் பெட்டின்னு முடிவு பண்ணும். அந்த முடிவு புரோகிராம்ல ஒரே ஒரு இடத்துல இருக்கு. ஜாவா 17-ல (2021) வந்த சீல்டு கிளாஸ் இதுக்கு அருமையான துணை. பெட்டின்னா இந்த நாலு மட்டும்தான்னு பூட்டி வெச்சிரலாம். ஜாவா 21-ல ஸ்விட்ச் எழுதும்போது ஒரு வகையை விட்டுட்டா கம்பைல் ஆகாது. நாளைக்கு அஞ்சாவதா ஒரு வகை சேத்தா, எங்கெங்க மாத்தணும்னு கம்பைலரே வரிசையாக் காட்டிக் குடுத்துரும். (டீஃபால்ட்னு ஒரு வரி போட்டு அந்த வாயை அடைச்சிராதீங்க. தயவுசெஞ்சு.)

இன்டர்வியூக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. கேங் ஆஃப் ஃபோர் புத்தகத்துல சொல்ற ஃபேக்டரி மெத்தட்டும், நான் மேல எழுதின ஸ்டாடிக் ஃபேக்டரியும் ஒண்ணு கிடையாது. புத்தகத்துல உள்ளது, எதை உருவாக்கணும்ங்கிற முடிவைச் சப்கிளாஸ் கையில விடறது. இது ஒரு கிளாஸ் தன்னோட ஆப்ஜெக்டைத் தானே ஒரு மெத்தட் வழியா குடுக்கிறது. ஜாஷுவா பிளாக் எழுதின எஃபெக்டிவ் ஜாவாவுல இந்த வித்தியாசத்தை முதல் ஐட்டத்துலயே சொல்லிருவார். நிறைய பேர் ரெண்டையும் குழப்பிப் பதில் சொல்றாங்க.

இப்போ பில்டர். இறாலைக் காப்பாத்துறது இதுதான்.

குளிர்பெட்டிக்குத் தேவைப்படற விவரம் நிறைய. எண், வகை, வெப்பம், காத்துத் துவாரம் எவ்வளவு திறந்திருக்கணும், எடை, ஸீல் எண், புக்கிங் எண். எல்லாத்தையும் கன்ஸ்ட்ரக்டர்ல வரிசையாக் குடுத்தா நல், நல், சைபர், ட்ரூ, ஃபால்ஸ்னு ஒரு வரி வரும். அதைப் படிச்சு யாருக்கும் ஒண்ணும் விளங்காது. செட்டர் வழியோட லட்சணத்தைத்தான் பாத்தாச்சே.

எஃபெக்டிவ் ஜாவா சொல்ற பில்டர்ல ஒவ்வொரு விவரத்தையும் பேர் சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்து கடைசியில கட்டு()ன்னு சொன்னா ஆப்ஜெக்ட் பிறக்கும். கட்டும்போது சோதனை நடக்கும், விட்டுப்போச்சுன்னா எக்ஸப்ஷன். (கேங் ஆஃப் ஃபோர் பில்டர் வேற, அதுல டைரக்டர்னு இன்னொரு ஆள் நின்னு வேலை வாங்குவார். அது நமக்கு இங்க வேண்டாம்.)

நல்ல வழிதான். ஆனா எனக்குத் திருப்தி இல்ல. எக்ஸப்ஷன் வர்றது ஓடும்போது. அண்ணாச்சி ஆபீஸ்ல, கேட் கட்-ஆஃப்க்கு (பெட்டி துறைமுகத்துக்குள்ள போக வேண்டிய கடைசி நேரம்) ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தா? எழுதும்போதே தெரியணும், என் மேஜையிலயே.

அதுக்குத்தான் ஸ்டெப் பில்டர். ஒவ்வொரு படிக்கும் ஒரு இன்டர்ஃபேஸ். எண் குடுத்தா உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது ‘வெப்பம் கேக்குறவர்’. அவர்கிட்ட வெப்பம்()ங்கிற ஒரே மெத்தட்தான் இருக்கு. அதைக் குடுத்தா ‘எடை கேக்குறவர்’ வருவார். எடையும் குடுத்த பிறகுதான் கட்டு()ங்கிற மெத்தடே கண்ணுக்குத் தெரியும்.

குளிர்பெட்டி
  .எண்(பெட்டிஎண்)
  .வெப்பம்(வெப்பம்.செல்சியஸ்(-18))
  .எடை(எடை.மேடையில்(27400))
  .கட்டு()

நடுவுல உள்ள வெப்பம் வரியை அழிச்சுப் பாத்தேன். எடிட்டர்ல உடனே சிவப்புக் கோடு. எடைங்கிற மெத்தடே இல்லைன்னு கம்பைலர் சொல்லுது.

எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா! வெப்பம் சொல்லாத குளிர்பெட்டியை இனிமே இந்தப் புரோகிராம்ல யாராலயும் உருவாக்க முடியாது. புதுசா ஸ்கிரீன் சேக்கிறவர் யாரா இருந்தாலும் சரி, மறந்தாலும் சரி, அவசரத்துல இருந்தாலும் சரி.

இதுக்குக் குடுக்கிற விலையும் உண்டு. படிக்கு ஒரு இன்டர்ஃபேஸ் எழுதணும், கோடு நீளும். ரெண்டு மூணு விவரம் மட்டும் இருக்கிற கிளாஸுக்கு இதைப் போடறது வீண் வேலை. உலர்பெட்டிக்கு நான் சாதாரண பில்டர்தான் வெச்சேன். தப்பினா சரக்கு கெடும்ங்கிற இடத்துல மட்டும் ஸ்டெப் பில்டர் வைங்க.

புரோட்டோடைப்புக்கும் ஒரு சின்ன வேலை கிடைச்சுது. ஒரே புக்கிங்ல அடுத்தடுத்துப் பெட்டிங்க போகும், எண்ணும் ஸீலும் எடையும்தான் மாறும். ஒண்ணை வெச்சு அடுத்ததை நகலெடுக்க ஒரு மெத்தட் எழுதினேன். ஜாவாவோட குளோன் மெத்தடைத் தொடவே இல்ல, அது தலைவலி. அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி இதுக்குத் தேவைப்படல. ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில், இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரின்னு ரெண்டு பக்கமும் தனித்தனிக் காகிதக் குடும்பம் இருக்கே, அதை எழுதும்போது வரும்.

மிச்சம் சிங்கிள்டன், ஒரு கிளாஸுக்கு ஒரே ஆப்ஜெக்ட்தான்ங்கிற பேட்டர்ன். இதைப் பத்தி எனக்கு உறுதியான கருத்து இருக்கு.

பெட்டி எண்ணோட முதல் மூணு எழுத்து சொந்தக்காரர்னு சொன்னேன்ல, அந்தப் பதிவேட்டைப் பாத்துக்கிறது பாரிஸ்ல இருக்கிற பிஐசிங்கிற அமைப்பு. 1933-ல தொடங்கினது. உலகத்துக்கே ஒரே பதிவேடு. அதோட நகல் நம்ம புரோகிராம்லயும் ஒண்ணுதான் இருக்கணும். உடனே எல்லாருக்கும் கை சிங்கிள்டனுக்குப் போகும். என் மருமகனும் அதைத்தான் சொன்னான்.

நான் வேண்டாம்னுட்டேன். ‘ஒண்ணு இருந்தாப் போதும்’ங்கிறது ஒரு விஷயம். ‘யார் வேணும்னாலும் எங்கேருந்தும் தொடலாம்’ங்கிறது இன்னொரு விஷயம். சிங்கிள்டன் இந்த ரெண்டையும் சேத்துக் கட்டி விட்டுருது. புரோகிராம் தொடங்கும்போது பதிவேட்டை ஒரு தடவை உருவாக்கி, ஃபேக்டரியோட கன்ஸ்ட்ரக்டர்ல குடுத்துட்டேன். அவ்வளவுதான். ஒண்ணுதான் இருக்கு. டெஸ்ட் எழுதும்போது ரெண்டே ரெண்டு சொந்தக்காரர் உள்ள குட்டிப் பதிவேட்டைக் குடுத்துக்கிறேன். சிங்கிள்டனா இருந்தா அதுக்கு வழியில்ல.

இன்டர்வியூல மட்டும் இது கண்டிப்பா வரும், அதனால அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன். டபுள் செக்டு லாக்கிங் (சிங்கிள்டனைத் தேவைப்படும்போது மட்டும் பூட்டுப் போட்டு உருவாக்குற முறை) 2004-ல ஜாவா 5 வர்றதுக்கு முன்னாடி நம்பகமா வேலை செய்யல. அதுக்கப்புறமும் அந்த ஃபீல்டு வோலட்டைலா இருக்கணும். கண்டிப்பா சிங்கிள்டன்தான் வேணும்னா ஒரே உறுப்பு உள்ள எனம் டைப்பா எழுதிரு, ஜாஷுவா பிளாக் சொல்ற வழியும் அதுதான். படிச்சு வெச்சுக்கோ, வேலையில சேந்த பிறகு போட்டுறாதே.

புது கோடு அண்ணாச்சி ஆபீஸ்ல ஓட ஆரம்பிச்சிருச்சு. அக்கா கேட்டாங்க: “இனி நான் பாக்க வேண்டாமா தம்பி?”

“நீங்க பாருங்கக்கா, எண்ணு சரியான்னு பாருங்க. எண்ணு இருக்கான்னு புரோகிராம் பாத்துக்கும்”னு சொன்னேன். மைனஸ் 18-க்குப் பதிலா மைனஸ் 8-னு டைப் பண்ணினா பில்டர் வாங்கிக்கத்தான் செய்யும். சரக்கு என்னன்னு பாத்து வெப்ப எல்லையைச் சோதிக்கிறதை அடுத்துச் சேக்கப் போறேன். அந்த எல்லையை எனக்குச் சொல்லித்தரப் போறது அக்காதான், அதை நான் எந்தப் புத்தகத்துல தேடறது?

படிச்ச உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு வேலைக்குப் போனதும் உங்க புரோகிராம்ல ‘செட்’னு தொடங்குற மெத்தட் எல்லாத்தையும் ஒரு தடவை தேடிப் பாருங்க. ஒவ்வொண்ணையும் கூப்பிட மறந்தா அந்த ஃபீல்டுல என்ன உக்காந்திருக்கும்னு யோசிங்க. சைபரா, நல் மதிப்பா, ஃபால்ஸா? அதைப் பாத்து யாராவது நிஜம்னு நம்பிருவாங்கன்னு தோணிச்சுன்னா, அந்த கிளாஸை முதல்ல மாத்துங்க. மத்த பேட்டர்ன் எல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம்.